இன்சுலினை மாற்றும் முன் மீட்டரைப் பாருங்கள்: டைப் 1 சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

டென்மார்க்கைச் சேர்ந்த நோவோ நார்டிஸ்க் நிறுவனம், பல ஆண்டுகளாக விற்றுவந்த ‘லெவிமிர்’ இன்சுலினை 2024 டிசம்பருடன் அமெரிக்காவில் நிறுத்திவிட்டது. பிரிட்டனில் 2026 இறுதிக்குள் அது விடைபெறுகிறது. தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்த ஹியூமன் இன்சுலின் பேனாக்கள் 2024-ல் நின்றுபோயின. அங்குள்ள நோயாளிகள் பலர் மறுபடியும் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்பினார்கள். இந்தியாவிலும் ஹியூமன் இன்சுலின் பேனா வகைகளைப் படிப்படியாக நிறுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. குப்பிகள் மட்டும் தொடரும்.

நிறுவனத்துக்கு இது ஒரு வணிக முடிவு. டைப் 1 சர்க்கரை நோயாளிக்கோ, நாளை காலை எத்தனை யூனிட் போடுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, ராத்திரி பயமில்லாமல் தூங்க முடியுமா என்பதையெல்லாம் புரட்டிப்போடும் விஷயம்.

மருந்து நிறுத்தப்படுவதால் மட்டும் இன்சுலின் மாறுவதில்லை. விலை கூடுகிறது, வேலைக்காக ஊர் மாறுகிறோம், புது டாக்டர் புது மருந்து எழுதுகிறார், கடையில் ஸ்டாக் இல்லை என்று பல காரணங்கள். காரணம் எதுவானாலும் ஒரு விஷயம் பொதுவானது. புது இன்சுலின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை அடிக்கடி அளந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் ‘எந்த இன்சுலின்?’ என்ற கேள்வியையும் ‘எந்த மீட்டர்?’ என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

டைப் 1-ல் ஏன் இவ்வளவு கவனம்?

நம் ஊரில் ‘சுகர்’ என்றாலே பெரும்பாலும் டைப் 2-தான் நினைவுக்கு வரும். மாத்திரை, நடைப்பயிற்சி, அரிசியைக் குறைப்பது என்று அறிவுரைகளும் அதை ஒட்டியே இருக்கும். டைப் 1 வேறு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. வெளியிலிருந்து போடும் இன்சுலின்தான் ஒரே வழி.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு டைப் 1 என்பது கிட்டத்தட்ட மரண தண்டனை. இன்றும் இன்சுலின் முழுதாக நின்றுபோனால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அளவு கூடிப்போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகலாம். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு வரப்பு. இன்சுலின் மாற்றம் என்பது நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வரப்பு மாறுவது மாதிரி.

எல்லா இன்சுலினும் ஒன்றுதானே?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு.

ஹியூமன் ரெகுலர் இன்சுலின் வேலையைத் தொடங்கச் சுமார் அரை மணி நேரம் எடுக்கும். அதனால்தான் ‘போட்டுவிட்டு 30 நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள்’ என்கிறார்கள். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமான அனலாக் வகைகளைச் சாப்பாட்டுக்கு 10 முதல் 15 நிமிடம் முன்பு போட்டால் போதும். ரெகுலரின் தாக்கம் 6 முதல் 8 மணி நேரம் வரை இழுக்கும்; அனலாக் 3 முதல் 5 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

பின்னணியில் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. என்பிஹெச் என்ற பழைய வகை, போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கும். கிளார்ஜின் சுமார் 24 மணி நேரம் ஓரளவு சீராக ஓடும். டெக்லுடெக் 42 மணி நேரத்தைத் தாண்டியும் நீடிக்கும்.

இந்த டைம்டேபிளை நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். காலையில் ரெகுலரும் என்பிஹெச்சும் கலந்த 30/70 இன்சுலினைப் போடும் ஒருவர், மீட்டிங் இழுத்துக்கொண்டே போய் மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் ‘லோ’ ஆக வாய்ப்பு அதிகம். ஏனென்றால் என்பிஹெச் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பதினொரு மணிக்கு ஒரு பிஸ்கட், டீ என்பது அவருக்குப் பாதுகாப்பு.

அவரே கிளார்ஜின் பிளஸ் வேகமான இன்சுலினுக்கு மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மதியச் சாப்பாடு தாமதமானாலும் பயம் குறைவு. ஆனால் பழக்கதோஷத்தில் பதினொரு மணி பிஸ்கட்டைத் தொடர்ந்தால் சுகர் ஏறும், ஏனென்றால் அதைச் சமாளிக்க அந்த நேரத்தில் இன்சுலின் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ‘புது இன்சுலின் வேலையே செய்யல’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மாறாமல் இருப்பது டீ டைம்.

பயோசிமிலர் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஒரே மூலக்கூறை வேறு நிறுவனம் தயாரிப்பதுதான் பயோசிமிலர். பெங்களூரு பயோகானின் கிளார்ஜினுக்கு 2021 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ, மூல மருந்துக்குப் பதிலாகக் கடையிலேயே மாற்றித் தரலாம் என்ற தகுதியை வழங்கியது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இன்சுலின் அதுதான். எனவே விலை குறைவு என்பதற்காக பயோசிமிலரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘கிளார்ஜினுக்குப் பதில் கிளார்ஜின்’ என்பது வேறு, ‘கிளார்ஜினுக்குப் பதில் வேறு எதுவோ’ என்பது வேறு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

40-ஆ, 100-ஆ? இந்தியாவுக்கே உரிய சிக்கல்

பேனாவிலிருந்து குப்பிக்கோ, குப்பியிலிருந்து பேனாவுக்கோ மாறுபவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிப்பது நல்லது.

இந்தியாவில் ஹியூமன் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. பேனாவிலும் கார்ட்ரிட்ஜிலும் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சு சிவப்பு மூடியுடனும், 100-க்கானது ஆரஞ்சு மூடியுடனும் வரும்.

பேனா பழுதாகிவிட்டது என்று, கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை உறிஞ்சினால் உடம்புக்குள் போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! தலைகீழாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் கிடைப்பது 4 யூனிட் மட்டுமே. முதலாவது தவறு ஆளை மயக்கத்தில் தள்ளும். இரண்டாவது, சர்க்கரையை ஏற்றி கீட்டோன் வரை கொண்டுபோகும்.

போதாததற்கு, கிளார்ஜினிலேயே ஒரு மில்லிக்கு 100 யூனிட், 300 யூனிட் என இரண்டு வகைகள் உண்டு. பேனாவில் இருக்கும் மருந்தை சிரிஞ்சால் உறிஞ்சவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். புது இன்சுலின் வாங்கும்போது அதற்குப் பொருத்தமான சிரிஞ்சையும் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சிரிஞ்சுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மாறும்போது என்ன செய்ய வேண்டும்?

பழைய யூனிட்டை அப்படியே புது இன்சுலினுக்குக் கொண்டுபோகலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஓர் உதாரணம்: தினம் இரண்டு வேளை என்பிஹெச் போட்டவர் ஒருவேளை கிளார்ஜினுக்கு மாறினால், என்பிஹெச்சின் மொத்த அளவில் 80 சதவீதத்தில் தொடங்கச் சொல்கிறது மருந்தோடு வரும் குறிப்பு. 300 யூனிட் கிளார்ஜினிலிருந்து 100 யூனிட் கிளார்ஜினுக்கு வரும்போதும் இதே 20 சதவீதக் குறைப்பு உண்டு. இதைத் தெரிந்துகொள்வது சுயமாக அளவை மாற்றுவதற்காக அல்ல. டாக்டரிடம் ‘அளவைக் குறைக்கணுமா?’ என்று மறக்காமல் கேட்பதற்காக.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை இன்னும் சில:

• பழைய இன்சுலினின் கடைசி டோஸ் எப்போது, புதியதன் முதல் டோஸ் எப்போது?

• சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு போட வேண்டும்?

• எத்தனை நாள் கழித்து அளவைத் திருத்த வேண்டும்? டெக்லுடெக் உடலில் நிலைபெறவே மூன்று, நான்கு நாள் ஆகும். முதல் நாள் ரீடிங்கைப் பார்த்து இரண்டாம் நாளே யூனிட்டை ஏற்றினால், நான்காம் நாள் ‘லோ’வில் போய் நிற்கும்.

• சந்தேகம் வந்தால் யாருக்கு போன் செய்வது?

முதல் ஒரு வாரமாவது சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தூங்கும் முன் என்று அளந்து குறித்துவையுங்கள். ஓரிரு நாள் அதிகாலை மூன்று மணிக்கும் அலாரம் வைத்துப் பார்ப்பது அவசியம். பின்னணி இன்சுலின் கூடுதலா, குறைவா என்று காட்டிக்கொடுப்பது அந்த நேரம்தான். பரீட்சை, பயணம், விரதம், காய்ச்சல் இருக்கும் வாரத்தில் முடிந்தவரை மாற்றத்தைத் தள்ளிவையுங்கள். கையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை; 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வாந்தியோடு சுகர் 250-ஐத் தாண்டி நின்றால் கீட்டோன் பரிசோதனை செய்ய வேண்டும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது. பைக் பெட்டிக்குள் மே மாத வெயிலில் கிடந்த பேனா வீரியம் இழந்திருந்தால், அந்தப் பழி புது இன்சுலின் மேல் விழும்.

சரி, எந்த மீட்டர் வாங்குவது?

விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் மெஷின் விலை பெரிய விஷயம் இல்லை. பல சமயம் சலுகையிலேயே கிடைத்துவிடும். செலவு முழுக்க ஸ்ட்ரிப்பில்தான். எனவே முதல் கேள்வி: இந்த ஸ்ட்ரிப் நம் தெருமுனைக் கடையில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் கிடைக்குமா? ஆன்லைனில் மட்டும் கிடைக்கும் மலிவான ஸ்ட்ரிப், தீர்ந்துபோன அன்று உதவாது.

இரண்டாவது, துல்லியம். ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தர அளவுகோல் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 2013-ல் திருத்தப்பட்ட அந்த விதிப்படி 95 சதவீத ரீடிங்குகள், 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வித்தியாசத்துக்குள்ளும், 100 அல்லது அதற்கு மேல் என்றால் 15 சதவீத வித்தியாசத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? உண்மையான அளவு 60 என்றால், தரமான மீட்டரே 75 என்று காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். எனவே கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் மீட்டர் 75 காட்டுகிறது என்றால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். இரண்டு மீட்டரில் ஒரே நேரத்தில் 182, 196 என்று வந்தால் பதற வேண்டாம், அது இயல்பு.

மாம்பழம் நறுக்கிய கையோடு சோதித்தால் மீட்டர் மாம்பழத்தைத்தான் அளக்கும். கை கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவிலேயே மூடி வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

சென்சார் யாருக்கு அவசியம்?

கையின் பின்புறம் வட்டமாக ஒட்டிக்கொள்ளும் சிஜிஎம் சென்சாரை இப்போது ஜிம்மிலும் ஆபீஸிலும் பார்க்கலாம். சர்க்கரை நோயே இல்லாதவர்கள்கூட டயட்டுக்காக ஒட்டிக்கொள்கிறார்கள். டைப் 1-க்கு அது டிரெண்ட் இல்லை. தூக்கத்தில் சுகர் இறங்குவதைப் பார்த்துச் சொல்லும் காவலாளி.

ஸ்ட்ரிப் ஒரு போட்டோ என்றால் சென்சார் ஒரு வீடியோ. 110 என்ற எண்ணைவிட, 110-லிருந்து கீழ்நோக்கிப் போகும் அம்புக்குறி அதிகம் சொல்லும். 70-க்கும் 180-க்கும் இடையே ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்ற கணக்கும் சென்சாரில்தான் கிடைக்கும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2019-ல் வெளியான சர்வதேச இலக்கு. 4 சதவீதம் என்றால் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. இன்சுலினை மாற்றியது பலன் தந்ததா என்று பார்க்க, மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யைவிட இந்தக் கணக்கு சீக்கிரம் பதில் சொல்லும்.

ஆனால் சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே சில நிமிடங்கள் தாமதமாகத் தெரியும். ‘லோ’வுக்குச் சர்க்கரை சாப்பிட்ட பிறகும் சென்சார் சிறிது நேரம் குறைவாகவே காட்டும். அதை நம்பி மேலும் மேலும் சாப்பிட்டால் அரை மணியில் 250-க்கு எகிறிவிடும். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்ப்பதே சரி. சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாக ‘லோ’ காட்டலாம். சில சென்சார்களின் கணக்கை அதிக அளவு வைட்டமின் சி குழப்பும், வேறு சிலவற்றை பாராசிட்டமால் குழப்பும். கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

கருவியே பிசகுவதும் உண்டு. 2025 நவம்பரில் அபாட் நிறுவனம், தன் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்று எச்சரித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள் அதில் அடக்கம். குறைவாகக் காட்டும் சென்சாரை நம்பி ஒருவர் இன்சுலினைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்சார் வாங்கியதும் பழைய மீட்டரைத் தூக்கி எறியக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அலாரம் அடிக்குமா? போன் விடுமா?

வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: இது தானாக அலாரம் அடிக்குமா? முதல் தலைமுறை ஃப்ரீஸ்டைல் லிப்ரே அடிக்காது. போனை அருகில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஸ்கேன் செய்யாவிட்டால் இடையில் உள்ள பதிவுகள் அழிந்துவிடும். இரவில் தனியாகத் தூங்குபவர், ‘லோ’ வருவதை உடம்பு உணர்த்தாத நிலையில் இருப்பவர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அலாரம் உள்ள சென்சார்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

அலாரம் இருந்தாலும் போன் அதைக் கேட்கவிடாமல் செய்யலாம். ‘டு நாட் டிஸ்டர்ப்’, பேட்டரி சேவர், சாஃப்ட்வேர் அப்டேட், புது ப்ளூடூத் ஹெட்போன் போன்றவற்றால் எச்சரிக்கை ஒலி வராமல் போன சம்பவங்களைக் குறிப்பிட்டு, 2025 பிப்ரவரியில் எஃப்டிஏ ஓர் அறிவிப்பே வெளியிட்டது. அப்டேட் வந்த ஒவ்வொரு முறையும் அலாரம் செட்டிங்கைச் சரிபாருங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவோடு ரீடிங்கைப் பகிரும் வசதியும் பல சென்சார்களில் உண்டு. ராத்திரி இரண்டு மணி ‘லோ’வுக்கு அது உயிர் காக்கும். ஆனால் மத்தியானம் ஒரு பிரியாணி சாப்பிட்டதற்கு ‘ஏன் 220?’ என்று போன் வந்துகொண்டே இருந்தால், பிள்ளை ஆப்பையே ஆஃப் செய்துவிடும். எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எதற்குக் கூப்பிடக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

தோலைத் துளைக்காமலே சுகர் காட்டும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் என்று வரும் விளம்பரங்களை நம்பி இன்சுலின் போடவே கூடாது. அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ தெளிவாகச் சொன்னது.

செலவு யார் தலையில்?

ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய், தினம் நான்கு முறை என்று வைத்தால் 14 நாளுக்கு 1,120 ரூபாய். 14 நாள் ஓடும் ஒரு சென்சார் ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. ஆண்டு முழுக்க சென்சார் என்பது பல சம்பளக்காரர்களுக்கே கட்டுப்படியாகாது.

நடுவழி ஒன்று உண்டு. வருடம் முழுக்க முடியாவிட்டாலும், இன்சுலின் மாறும் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு சென்சார். அல்லது மருத்துவமனையில் ஒட்டி, 14 நாள் கழித்து டாக்டரே பதிவைப் படித்துப் பார்க்கும் ‘புரொஃபஷனல்’ வகை. இந்த வகையில் நோயாளிக்கு உடனுக்குடன் எண் தெரியாது, அலாரமும் கிடையாது. ஆனால் அளவைத் திருத்த டாக்டருக்குப் பெரிய உதவி. அதுவும் முடியாதவர்கள், முன்பு சொன்ன அட்டவணைப்படி முதல் வாரம் ஸ்ட்ரிப்பைத் தாராளமாகச் செலவழிப்பதே சிக்கனம். ஒருநாள் ஐசியு செலவில் பல மாத ஸ்ட்ரிப் வாங்கலாம்.

தனிமனிதர் சிக்கனத்தால் மட்டும் தீரும் பிரச்சினை அல்ல இது. 2022-ல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜின் சேர்ந்தது நல்ல முடிவு. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் வரவேற்க வேண்டியதே. ஆனால் அரசு மருத்துவமனையில் இன்சுலின் குப்பியை இலவசமாக வாங்கும் குடும்பம்கூட, வீட்டில் சோதிக்க வேண்டிய ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலும் சொந்தக் காசைத்தான் செலவழிக்கிறது. பிரிட்டனில் டைப் 1 உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் சென்சார் தர வேண்டும் என்று 2022-ல் ‘நைஸ்’ அமைப்பு பரிந்துரைத்தது. அந்த அளவுக்கு உடனே போக முடியாவிட்டாலும், இன்சுலின் தரும் கையே ஸ்ட்ரிப்பையும் தருவது நியாயமான முதல் படி.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. லெவிமிர் நிறுத்தப்படும் தகவல் பிரிட்டனில் முன்கூட்டியே சொல்லப்பட்டது. எதிலிருந்து எதற்கு, எப்படி மாறுவது என்று மருத்துவ அமைப்புகள் வழிகாட்டுதலை வெளியிட்டன. இந்தியாவிலும் ஓர் இன்சுலினைச் சந்தையிலிருந்து எடுக்கும் நிறுவனம், போதிய அவகாசமும், மாநில மொழிகளில் எளிய மாற்று வழிகாட்டியும் தர வேண்டும் என்பதை அரசு விதியாக்கலாம். 40, 100 குழப்பம் உள்ள நாட்டில் இது கூடுதல் அவசியம்.

அதுவரை டைப் 1 உள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது போடும் இன்சுலினின் மருந்துப் பெயர், ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட், வேளைக்கு எவ்வளவு என்ற மூன்றையும் போனில் குறித்து, வீட்டில் ஒருவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். கூடவே மீட்டர் டப்பாவைத் திறந்து, எத்தனை ஸ்ட்ரிப் மிச்சம் என்றும் எண்ணிப் பாருங்கள்.